பூரணத்துக்கு மட்டும் பத்து ரூபாய் கூட

எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தானே இருக்கிறீர்கள், பிள்ளைகளே? இல்லையென்றால் முதலில் எழுந்துபோய் ஏதாவது வயிற்றில் போட்டுக்கொண்டு வாருங்கள். இது வெறும் வயிற்றோடு கேட்கிற கதை இல்லை. நான் பொறாமைப்பட்ட கதை. சின்னப் பொறாமையும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேலாக என்னை ஒழுங்காகப் படுக்க விடாமல், ஒழுங்காக வேலை செய்ய விடாமல் வைத்திருந்த பொறாமை. அதுவும் பத்து ரூபாய்க்காக.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு பங்குனி. கோப்பாயில் ஆழ்வாப்பிள்ளை அண்ணையின் தோட்டத்தில் வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். நாங்கள் ஆறு பெண்கள். நானும் பூரணமும் எப்போதும் அடுத்தடுத்த பாத்தி. வீடும் அப்படித்தான், நடுவில் ஒரு ஓலைக் கிடுகு வேலி. அவள் என்னைவிட ஆறேழு வயது இளையவள், 'குணமக்கா, குணமக்கா' என்று பின்னாலேயே வருவாள். அவளுடைய மனிசன் வியாபார அலுவலாகக் கொழும்புக்குப் போனவர். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை தொடங்கிப் பாதை மூடியபிறகு ஒரு கடுதாசியும் இல்லை. அதன் பிறகுதான் அவள் தோட்ட வேலைக்கு வந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஆழ்வாப்பிள்ளை அண்ணையிடம் விட்டதே நான்தான்.

வேலை முடிய அண்ணை கிணற்றடியில் நின்று அன்றன்றைய கூலியைத் தருவார். எனக்கு நாற்பத்தைந்து ரூபாய். பத்து மணிக்குத் தேத்தண்ணி, மத்தியானம் மாமரத்தடியில் சோறு. எல்லாத் தோட்டத்திலும் அதுதான் வழக்கம். மற்றவர்களுக்கும் நாற்பத்தைந்துதான் என்று நினைத்திருந்தேன். ஆளையாள் கேட்டதில்லை.

அன்று ஒரு வெள்ளிக்கிழமை. ஊர் முழுக்கச் சில்லறைத் தட்டுப்பாடு. அண்ணை மடியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு நூறு ரூபாய்த் தாளைப் பூரணத்தின் கையில் வைத்தார்.

"ரெண்டு பேரும் சந்தியிலை மாத்தி எடுங்கோ பிள்ளையள்."

முருகேசு கடையில் மாற்றினோம். பூரணம் நாற்பத்தைந்தை எண்ணி என்னிடம் தந்தாள். மிச்சத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்தாள்.

"பூரணம், பத்து ரூபா கூட நிக்குது. நாளைக்கு அண்ணையிட்டைத் திருப்பிக் குடுக்கவேணும்," என்றேன்.

அவள் முடிச்சை இறுக்கினாள்.

"இல்லையக்கா. அது என்ரை."

"என்னெண்டு உன்ரை?"

"எனக்கு அம்பத்தைஞ்சு."

"ஆர் சொன்னது?"

"அண்ணை தாறவர், நான் வாங்கிறனான்," என்றாள். என்றுவிட்டு, மடியிலிருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்து முருகேசுவிடம் நீட்டினாள். "பத்து ரூபாவுக்கு எண்ணெய் விடுங்கோ."

கரண்டும் இல்லாமல், எண்ணெய்க்கும் தடை வந்து விலை ஏறிக் கிடந்த காலம். மண்ணெண்ணெயை முழுப் போத்தலாக வாங்குகிறவர்கள் ஊரில் இரண்டு மூன்று வீட்டார்தான் அப்போது. முருகேசு ஒரு குட்டி அளவையால் ஊற்றி, அதன் விளிம்பில் தொங்கிய துளியையும் போத்தலின் வாயில் தட்டிவிட்டான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பத்து ரூபாய் நீலமாகப் போத்தலுக்குள் இறங்கியது.

வீட்டுக்குப் போகிற வழியில் நான் அவளோடு கதைக்கவில்லை. மனம் மட்டும் அவளை அங்குலம் அங்குலமாக அளந்தது. அவளுக்கு இரண்டு கை, எனக்கும் இரண்டு கை. அவள் ஒரு பாத்தி முடிக்க நான் ஒன்றரைப் பாத்தி முடிப்பேன். அவள் வந்து ஒன்றரை வருடம், நான் ஒன்பது வருடம். புல்லென்று நினைத்து வெங்காயத் தாளைப் பிடுங்கி ஏச்சு வாங்கினவள் அவள். ஆருக்காவது பத்து ரூபாய் கூடக் கொடுக்க வேண்டுமென்றால் எனக்கல்லவா கொடுக்க வேண்டும்?

வீட்டில் என் மனிசன் பரமலிங்கம் காலில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வேறொரு தோட்டத்தில் கொத்துக்குப் போகிறவர்.

"இஞ்சாருங்கோ, பூரணத்துக்கு அம்பத்தைஞ்சாம்."

"நல்லது."

"என்ன நல்லது? எனக்கு நாப்பத்தைஞ்சு!"

"எனக்கு நூத்திருவது. அதை நீ ஒருநாளும் கேக்கேல்லையே?"

"நீங்கள் ஆம்பிளை. மண்வெட்டி பிடிக்கிறியள்."

"நான் மண்வெட்டி பிடிக்கிறது மத்தியானம் வரைக்கும்தான். நீ பின்னேரம் வரைக்கும் குனிஞ்சு நிக்கிறாய்." அவர் சிரித்தார். "என்னிலை எரியேல்லை, அவளிலை எரியுதோ? நல்ல ஞாயமடியப்பா."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் மெய். அவருடைய நூற்றிருபதைப் பார்த்து எனக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. அது எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது, அண்ணாந்து பார்க்கவே தோன்றவில்லை. பூரணத்தின் பத்து ரூபாய் என் வேலிக்கு அடுத்த பக்கத்தில் கிடந்தது. கையை நீட்டினால் தொடலாம் போல.

அன்று பொழுது பட்டதும் அந்தப் பத்து ரூபாய் எரியத் தொடங்கியது. பூரணத்தின் மகள் இராசமலர் பெரிய சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அடைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரி போட்ட விளக்கு. அப்போது எல்லா வீட்டிலும் அந்த விளக்குத்தான். ஆனால் மற்ற வீடுகளில் சாப்பிடுகிற நேரத்துக்கு மட்டும் எரியும். பூரணம் வீட்டில் தொடர்ந்து எரிந்தது. வெளிச்சம் கிடுகு ஓட்டைகளுக்குள்ளால் வந்து என் முற்றத்தில் கீறு கீறாக விழுந்தது. அந்தப் பெட்டை சத்தம் போட்டுப் படிக்கிற குரலும் கேட்டது. என் பொடியன்கள் இரண்டு பேரும் இருட்டுக்கு முன்னமே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். நான் முற்றத்தில் நின்று அந்தக் கீறுகளைக் காலால் மிதித்தேன். வெளிச்சத்தை மிதித்து என்ன செய்ய முடியும்? அது என் காலுக்கு மேலே ஏறிக்கொண்டது.

அடுத்த நாளிலிருந்து நான் புல்லைப் பார்த்ததைவிடப் பூரணத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பூரணம் எங்களோடு சோற்றுக்கு இருப்பதில்லை. மனிசன் திரும்பி வரும்வரைக்கும் ஒருநேரச் சாப்பாடு என்று சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். நாங்கள் மாமரத்தடியில் இருந்து சாப்பிடுகிற நேரம் அவள் எழுந்து, அண்ணை வீட்டில் சமைக்கிற குசினிக்குப் பின்பக்கமாகப் போய் மறைந்துவிடுவாள். நாங்கள் கை கழுவுகிற நேரம் திரும்பி வருவாள். நேர்த்திக்காரியை ஆர் என்ன கேட்பது? பாவம், மனிசனை நினைத்து அழப் போகிறாள் என்று ஒன்றரை வருடம் நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தக் குசினியின் பின்பக்கம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

ஒருநாள் காலை பத்து மணி போலப் பொம்மர் வந்தது. நாங்கள் வழக்கம்போல் பாத்திகளுக்கு நடுவே வாய்க்காலில் முகங்குப்புறப் படுத்தோம். மேலே அது சுற்றுகிறது. எல்லாரும் தெய்வங்களைக் கூப்பிடுகிறார்கள். பூரணத்தின் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. அவளுடைய இடது கன்னம் புடைத்திருந்தது. உள்ளே ஏதோ இருந்தது. மெதுவாக அசைந்தது.

எங்கேயோ தூரத்தில் குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை, பிள்ளைகளே. அப்படி ஒரு மனுஷியாக நான் இருந்தேன். சாவு தலைக்கு மேலே சுற்றும்போது, 'இவள் என்ன தின்கிறாள்? ஆர் கொடுத்தது?' என்றுதான் எனக்குள் ஓடியது.

பொம்மர் போனபிறகு நான் நல்லம்மாக்காவின் பக்கத்தில் போய்க் குந்தினேன். எங்கள் ஆறு பேரில் வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள்.

"எணை நல்லம்மாக்கா, உவள் ஒருநேரமெண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ளை நல்லாச் சாப்பிடுறாள். மேலாலை பத்து ரூபாவும் வாங்கிறாள்."

"கண்டனியே?"

"கன்னம் வீங்கியிருந்ததைக் கண்டனான்."

"பல்லுக்கொதியாக்கும்."

"பல்லுக்கொதிக்கு ஆரும் பத்து ரூபா கூடக் குடுப்பினமே?"

"குடுத்தால் சொல்லு. என்னட்டை நாலு பல்லு கிடந்து ஆடுது, நாப்பது ரூபா வரும்," என்று நல்லம்மாக்கா சிரித்தாள். சிரித்தாலும் அந்தப் பத்து ரூபாய் அவளுடைய காதுக்குள் போய்விட்டது. மத்தியானத்துக்குள் மற்ற மூன்று பேருடைய காதுக்குள்ளும் போனது.

கதை அதோடு நிற்கவில்லை. நான் குசினியை மட்டும்தான் சொன்னேன். இரண்டு நாளில் அது ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்குப் பூரணத்தில் ஒரு கண் என்று வந்து நின்றது. நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் கேட்டபோது இல்லையென்றும் சொல்லவில்லை. "ஆருக்குத் தெரியும்?" என்றேன். அந்த 'ஆருக்குத் தெரியும்' இருக்கிறதே, அதைவிட நேராகப் பொய் சொல்லியிருக்கலாம்.

பூரணத்தின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். குணமக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். குனிந்த தலை நிமிராமல் புல்லுப் பிடுங்கினாள். வேலை வேகத்தில் என்னை எட்டிப் பிடித்துவிட்டாள் என்பதைக் கூட நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது அதற்கும் சேர்த்து எரிந்தது.

சித்திரையில் வெங்காயத் தாள் சாய்ந்தது. தாள் சாய்ந்தால் கிழங்கைப் பிடுங்கிவிட வேண்டும். அந்த வருடம் பின்னேரங்களில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்தால் அவ்வளவும் அழுகும். சுற்றுவட்டாரத்தில் எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் தாள் சாய்ந்ததால், ஒரு கை மிச்சமில்லை. எங்கள் ஆறு பேருக்கும் வருடத்தில் ஒரு கிழமைதான் அப்படி ஒரு விலை இருக்கும். அது எனக்குத் தெரிந்திருந்தது.

நான்கு பேரையும் முதல் நாளே சேர்த்துவிட்டேன். பூரணத்தின் கூலி எங்களுக்கும் வராவிட்டால் பாத்திக்குள் கால் வைப்பதில்லை. காலையில் ஐந்து பேரும் வரம்பில் வரிசையாக நின்றோம். பூரணம் மட்டும் எப்போதோ வந்து இறங்கி, பாதி வரிசை பிடுங்கியிருந்தாள்.

அண்ணை கிணற்றடியிலிருந்து வந்தார்.

"என்ன, கோயிலுக்குத் தேர் பாக்க வந்தமாதிரி நிக்கிறியள்? மழை இருட்டுது தெரியேல்லையோ?"

"தெரியுது அண்ணை. இறங்கிறதெண்டால் ஒரு கதை இருக்கு," என்றேன்.

"சொல்லு."

"பூரணத்துக்குக் குடுக்கிறதை எங்களுக்கும் தாங்கோ."

பூரணம் நிமிர்ந்தாள். கையில் ஒரு பிடி வெங்காயம் மண்ணோடு தொங்கியது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என்னைக் கூப்பிட்டாள்.

"குணமக்கா, வேண்டாம். சொல்லுறதைக் கேளுங்கோ."

"உனக்கு வேண்டாமாத்தான் இருக்கும்," என்றேன்.

அண்ணை பூரணத்தைப் பார்த்தார். அவள் தலையை இல்லையென்று ஆட்டினாள். அந்தப் பார்வையையும் ஆட்டலையும் பார்த்து என் பின்னால் ஆரோ செருமினார்கள். அண்ணையின் முகம் கறுத்தது. அவருக்கும் கதை எட்டித்தான் இருந்தது.

"பூரணத்துக்குக் குடுக்கிற மாதிரியே வேணும்?"

"ஓம்."

"கூடக் குறைய ஒண்டும் இல்லாமல்?"

"கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அவளுக்கு எப்பிடியோ அப்பிடி."

"யோசிச்சுத்தான் கதைக்கிறியோ, குணலட்சுமி?"

"ஒரு மாதமா யோசிச்சனான் அண்ணை."

"சரி," என்றார். வீட்டுப் பக்கம் திரும்பி மனிசியைக் கூப்பிட்டார். "இஞ்சை, மீனாம்பிகை! இண்டைக்கு உலை வையாதை!"

நல்லம்மாக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்பது ரூபா கூடப் போகுதெண்டு மனிசன் இண்டைக்குப் பட்டினி போல," என்றாள். நாங்களும் சிரித்தோம். எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. ஐம்பத்தைந்து, ஐம்பத்தைந்து என்று ஒவ்வொரு கிழங்கும் சொல்லிக்கொண்டு மண்ணைவிட்டு வந்தது. அன்று நான் பிடுங்கிய மாதிரி என் சீவியத்தில் பிடுங்கியதில்லை. அடுத்த வரிசையில் பூரணம் நிமிரவே இல்லை.

மத்தியானம் கை கழுவிக்கொண்டு மாமரத்தடியில் வரிசையாக இருந்தோம். இருந்தோம், இருந்தோம். குசினிப் பக்கம் புகையும் இல்லை, மணமும் இல்லை.

"இஞ்சை, சோறு எங்கை?" என்று நல்லம்மாக்கா சத்தம் போட்டாள்.

மீனாம்பிகை அக்கா ஒரு குடத்தில் தண்ணியோடு வந்தாள். குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பூரணத்துக்கு நாங்கள் சோறு போடுறேல்லையெல்லோ பிள்ளையள். அந்தச் சோத்துக்குத்தான் அந்தப் பத்து ரூபா. அவள் வேலைக்கு வந்த முதல் கிழமையே கேட்டவள். என்ரை சோத்தைக் காசாத் தாங்கோ அக்கா, வெளியிலை சொல்லிப்போடாதையுங்கோ எண்டு சத்தியம் வாங்கினவள். இண்டைக்கு நீங்கள் எல்லாரும் அதைத்தானே கேட்டியள்? கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாமெண்டு? பேந்து நான் ஆருக்கு உலை வைக்கிறது?"

பூரணம் அன்று வழக்கம்போல் பின்பக்கம் போகவில்லை. போகிற நேரத்துக்குள் கதை உடைந்துவிட்டதால் நடுவழியில் நின்றுவிட்டாள். எல்லாருடைய கண்ணும் முதலில் அவளிடம் போனது. பிறகு ஒன்றொன்றாக என்னிடம் வந்தது. அந்தக் கண்களைத் தாங்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன். வாயை மூடியிருக்க வேண்டிய நேரம்.

"அப்ப சந்நிதி முருகனுக்கு நேர்த்தி எண்டது பொய்யோ? தெய்வத்தின்ரை பேரிலை..."

"ஏன் பொய்?" என்றாள் பூரணம். "ஒருநேரம்தானே சாப்பிட்டனான்? முருகனுக்குத் தெரியும். போட்ட சோத்தை வித்தவள் எண்டு உங்கடை வாயிலை விழாமல் இருக்கத்தான் அவரைக் கூப்பிட்டனான். அவர் ஒன்றரை வரியம் காப்பாத்தினவர்."

என்றுவிட்டு மரத்தடிக்கு வந்தாள். எங்களுக்கு எதிரே குந்தினாள். மடியிலிருந்து ஒரு துண்டு புழுக்கொடியலை எடுத்தாள். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. மரக்கட்டை மாதிரி இருக்கும். அதன் ஒரு முனை ஏற்கெனவே ஊறித் தேய்ந்திருந்தது. பொம்மருக்குக் கீழே நான் கண்ட கன்னம் அதுதான். காலையில் வாய்க்குள் வைத்தால் பின்னேரம் வரைக்கும் கரையும்.

"இனி என்னத்துக்கு ஒளிச்சுச் சப்புவான்?" என்று சொல்லி, எங்கள் ஐந்து பேருக்கும் முன்னால் அதைக் கடகடவென்று கடித்தாள்.

நல்லம்மாக்காதான் பேசினாள்.

"அடி விசரி, பத்துக்கே வித்தனி? சாவகச்சேரிச் சந்தையிலை இண்டைக்கு அரிசி விக்கிற விலைக்கு ஒராளின்ரை சோறும் கறியும் பதினைஞ்சுக்குக் குறையுமே? எனக்கொரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் பேசித் தந்திருப்பனே."

மீனாம்பிகை அக்கா இதைக் கேட்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குடத்தில் பாதித் தண்ணி இருந்தது.

அன்று பின்னேரம் ஐந்து பேருக்கும் ஐம்பத்தைந்து கிடைத்தது. கால் இழுபட நடந்து போனோம். "அம்பத்தைஞ்சு கேட்ட ராசாத்தி, வீட்டை போய் நீ எங்களுக்குச் சமைச்சுப் போடு," என்று நல்லம்மாக்கா வழி முழுக்க என்னை விடவில்லை.

அடுத்த நாள் காலை அண்ணை ஒவ்வொருவராகக் கேட்டார். சோறோ, காசோ? நான்கு பேரும் சோறு என்றார்கள். என் முறை வந்தது. வரம்பில் பூரணம் நின்றுகொண்டிருந்தாள். நான் என்ன சொல்வேன் என்று பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது.

"எனக்கு அம்பத்தைஞ்சு," என்றேன்.

வீம்பு, பிள்ளைகளே. வேறொன்றும் இல்லை. அவள் செய்ததை என்னால் செய்ய முடியாதா என்ற வீம்பு.

முதல் நாள் வீட்டிலிருந்து ஒரு துண்டு அவித்த மரவள்ளி கொண்டுவரப் பார்த்தேன். சின்னவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கையில் வைத்துவிட்டு வந்தேன். கடையில் புழுக்கொடியல் வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். பசி பொறுக்காமல் கடித்துக் கடித்து விழுங்கியதில் தேத்தண்ணிக்கு முன்னமே முடிந்துவிட்டது. அடுத்த பாத்தியிலிருந்து, என்னைப் பார்க்காமலே பூரணம் சொன்னாள்.

"கடிக்கிறேல்லை. கன்னத்துக்கை வைச்சிருக்கவேணும்."

அது புத்திமதியா நக்கலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தப் பத்து ரூபாய்க்கு நானும் மண்ணெண்ணெய் வாங்கினேன். நானும் விளக்குக் கொளுத்தினேன். என் பொடியன்கள் சுவரில் கையால் மான் காட்டி, நாய் காட்டி விளையாடினார்கள். பிறகு படுத்துவிட்டார்கள். விளக்கு ஆருக்கும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் இராசமலர் ஏதோ வாய்பாட்டை மூன்றாம் தரம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என் விளக்கை ஊதி அணைத்தேன். பரமலிங்கம் இருட்டுக்குள் சிரித்த மாதிரி இருந்தது. ஏனென்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் முருங்கையிலை வறையும் சொதியும் மணத்தன. எனக்குக் கண் இருண்டது. பாத்தி இரண்டாகத் தெரிந்தது. எழுந்து, ஒருவரையும் பார்க்காமல் போய், நல்லம்மாக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மீனாம்பிகை அக்கா வந்தாள். ஏசுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"கையைக் கழுவினியோ?" என்று மட்டும் கேட்டாள். சோற்றை வைத்து, சொதியை இரண்டு அகப்பை விட்டாள்.

பூரணம் எழுந்து பின்பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அப்போதுதான் அவள் எங்கே போகிறாள் என்று கண்டேன். குசினியைக் கடந்து, வைக்கோல் போரைக் கடந்து, மாட்டுக்கொட்டிலுக்கு அப்பால் போய்க் குந்தினாள். சோற்று மணம் அவ்வளவு தூரம் வராது. ஒன்றரை வருடமாக மணம் வராத இடம் தேடித்தான் போயிருக்கிறாள்.

அன்று பின்னேரமும் சில்லறை இல்லை. அண்ணை ஒரு நூறு ரூபாய்த் தாளை என்னிடமே தந்தார். முருகேசு கடையில் மாற்றினேன். ஐம்பத்தைந்தை எண்ணிப் பூரணத்தின் கையில் வைத்தேன். நாற்பத்தைந்தை நான் எடுத்துக்கொண்டேன். அவள் மருந்துப் போத்தலை நீட்டினாள். முருகேசு ஊற்றி, துளியைத் தட்டினான். இருவரும் நடந்தோம்.

"பூரணம், நான் சொன்னது பிழை."

"எது? குசினியோ, அண்ணையோ?"

"ரெண்டும்."

அவள் எங்கள் ஒழுங்கை திரும்புகிற இடம்வரைக்கும் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். தன் படலையடியில் நின்றாள்.

"சோளகக் காத்துக் கிளம்பியிட்டுது. இப்ப காத்து மாமரத்துப் பக்கமிருந்து கொட்டிலுக்குத்தான் வருது. இண்டைக்கு உங்கடை சொதி மணம் முழுக்க அங்கைதான்." போத்தலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பிழையெண்டு சொல்லுறதெண்டால், நாளைக்கு எல்லாரையும் கிணத்துக்கு அங்காலை கூட்டிக்கொண்டுபோய் இருத்திச் சாப்பிடுங்கோ. நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ."

படலையைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொறாமை அதோடு போய்விட்டதா என்று கேட்பீர்கள். உங்களுக்கு நான் பொய் சொல்லமாட்டேன். அன்று பொழுது பட்டதும் அந்த வெளிச்சம் என் முற்றத்தில் கீறு கீறாக விழுந்தபோது எனக்கு எரியத்தான் செய்தது. முன்பு பத்து ரூபாய்க்கு எரிந்தது. இப்போது, நாலு நாள் கூட என்னால் தாங்க முடியாத ஒன்றை அவள் ஒன்றரை வருடம் கன்னத்துக்குள் வைத்திருந்தாளே என்று எரிந்தது. இந்த இரண்டாவது எரிச்சலுக்கு அண்ணையிடம் போய்ச் சண்டை பிடிக்கவும் வழியில்லை.

அடுத்த நாள் மத்தியானம் எல்லாரும் கை கழுவிக்கொண்டு மாமரத்தடிக்கு வந்தபோது, நான் என் சோற்றைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு அப்பால் போனேன். அங்கே நிழல் கிடையாது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது.

"உங்கை என்னத்துக்கடி போறாய்?" என்று நல்லம்மாக்கா கேட்டாள்.

"மாமரத்திலை முசுறு எறும்பு. சோத்துக்கை விழுகுது. நீங்களும் இஞ்சாலை வாங்கோ."

நல்லம்மாக்கா அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். ஒரு முசுறும் இல்லை. பிறகு மாட்டுக்கொட்டில் பக்கம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, சோற்றையும் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

"ஓமோம், பொல்லாத முசுறு," என்றாள். "எழும்புங்கோடி."

ஐந்து பேரும் வெயிலில் இருந்து சாப்பிட்டோம். காற்று கொட்டிலை விட்டு விலகி, எங்கள் முதுகுப் பக்கமாகப் போனது.